ஹொசியா கையெழுத்துப் போடவில்லை

அர்லீத்தா ஸ்டிகர்ஸ் புருஷனை விட்டுப் போய்விடுவது என்று முடிவெடுத்தது, அவன் படுக்கையறைக் கதவைக் கழற்றிய அன்றைக்குத்தான். முந்தின நாள் அவளுக்குத் தலைவலி. சற்று நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஹொசியா முழங்காலிட்டு உட்கார்ந்து கீல்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.

"புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல கதவு எதுக்கு?" என்று சாந்தமாகக் கேட்டான். கதவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் சாத்திவைத்தான். பிறகு கை கழுவிவிட்டு வந்து, மேஜையில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபம் செய்து, அவள் வைத்த சோள ரொட்டியையும் கீரையையும் சாப்பிட்டான்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கிழக்கு ஓரத்தில், பக்கத்து மாநிலமான அலபாமாவின் எல்லையை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் யாரைக் கேட்டாலும் ஹொசியா ஸ்டிகர்ஸைத் தங்கமான மனுஷன் என்பார்கள். சாலைப் பராமரிப்பில் மேஸ்திரி வேலை. தேவாலயச் சபையில் டீக்கன், சபைக் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு. புயலில் ஒரு விதவையின் கூரை பறந்தால் மறுநாள் காலையில் ஏணியோடு போய் நிற்கிறவன். அவன் குடித்ததில்லை. கை நீட்டியதில்லை. குரலை உயர்த்திக்கூடப் பேசியதில்லை. வீட்டுக்குள் அவன் செய்ததெல்லாம் ஓசையில்லாத காரியங்கள். அவள் காரை எடுத்துப் போய்த் திரும்பினால் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று பார்ப்பான். சபையில் அவள் பாடும் பாடகர் குழுவின் ஒத்திகை முடிந்து யாரோடாவது நின்று பேசினால், அன்றிலிருந்து வாரக்கணக்கில் அவளோடு பேச மாட்டான். அம்மாவைப் பார்க்கப் போக அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் "யோசிக்கிறேன்" என்பான், யோசித்துக்கொண்டே இருப்பான். பிள்ளைகள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. கதவு போன பிறகுதான் அவளுக்கு மூச்சு முட்டியது.

நீதிமன்றத்துக்கு எதிரே அலுவலகம் வைத்திருந்த கில்ப்ரூ அம்மாளிடம் போனாள். வயதான வெள்ளைக்கார வக்கீல், நெடுநாளாகக் குடும்ப வழக்குகளே பார்த்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரா?" என்று கேட்டார்.

"போட மாட்டார்னு நினைக்கிறேன், மேடம்."

"அப்போ கஷ்டம்மா. மிசிசிப்பில ஒத்துப்போகலன்னு சொல்லிப் பிரியணும்னா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். ஒருத்தர் மாட்டேன்னா, இன்னொருத்தர் அவர் மேல குத்தத்தை நிரூபிக்கணும். சட்டத்துல இருக்கற குத்தம் மட்டும்தான் செல்லும். சரி, ஒவ்வொண்ணாப் பாப்போம். வேற பொம்பள சகவாசம் உண்டா?"

"இல்ல மேடம். அப்படி ஒருத்தி இருந்தா நானே கேக் செஞ்சு கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்."

கில்ப்ரூ அம்மாள் சிரித்துவிட்டார். குடியா, போதையா, ஜெயிலா, சித்தம் கலங்கியதா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே பதில். வீட்டை விட்டு ஓடிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தால் அதுவும் ஒரு காரணம். ஆனால் ஹொசியா எங்கேயும் போகிறவன் இல்லை. அவள் கிளம்பினால் ஓடிப்போனவள் அவளாகத்தான் இருப்பாள். கடைசியில் மிஞ்சியது கொடுமை என்ற ஒன்றுதான். அதற்கும், உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வருகிற அளவுக்குக் கொடுமை என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு அவள் வாய்ச்சொல் மட்டும் போதாது, பார்த்தவர்கள் வேண்டும்.

முதலில் அவனிடமே கேட்டுப் பார்க்கும்படி அம்மாள் சொன்னார். அர்லீத்தா கேட்டாள். ஹொசியா கோபப்படவில்லை. காகிதத்தை முழுக்கப் படித்தான். மடித்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"எனக்கு எங்கம்மா ஏன் இந்தப் பேரு வச்சாங்க தெரியுமா?" என்றான். "வேதத்துல ஹொசியா தீர்க்கதரிசியோட பொண்டாட்டி ஓடிப்போனா. அவரு அவளை விட்டாரா? போய்க் கூட்டிட்டு வந்தாரு. நீ எங்க வேணா போ, அர்லீத்தா. நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ வர்றப்போ வா."

அவள் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்தே கொடுமை என்று வழக்குப் போட்டாள். தங்கை வெல்மா பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். சாட்சி சொல்ல வருகிறாயா என்று அவளிடம் கேட்டபோது, வெல்மா கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்து வைத்தாள். பிறகு, போன மாதம்தான் அத்தான் தன் காருக்குப் பிரேக் மாற்றிக்கொடுத்ததாகச் சொன்னாள். ஆனாலும் வந்தாள். கூண்டில் ஏறி, அக்கா சந்தோஷமாக இல்லை என்பது தெரியும், மற்றபடி தான் எதையும் கண்ணால் பார்த்ததில்லை என்றாள். அது பொய்யில்லை. பார்க்கும்படியாக அவன் எதையும் செய்ததில்லை.

அர்லீத்தா கதவைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது அவள் காதுக்கே அது அற்பமாகக் கேட்டது. ஹொசியாவின் வக்கீல், கதவைக் கழற்றியபோது அவளுக்கு அடிபட்டதா என்று கேட்டார். இல்லை. திட்டினானா? இல்லை. பிறகு என்ன நடந்தது? சாப்பிட்டோம், என்றாள். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

நீதிபதி கெட்டவர் இல்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினார். "திருமதி ஸ்டிகர்ஸ், உங்க வேதனை பொய்னு நான் சொல்லல. ஆனா இந்த மாநிலத்துல சந்தோஷமில்லங்கறது விவாகரத்துக்குக் காரணமில்ல" என்றார். வழக்கு தள்ளுபடியாயிற்று. நுழைந்தபோது எப்படி மனைவியாக நுழைந்தாளோ அப்படியே மனைவியாக வெளியே வந்தாள்.

அதன் பிறகுதான் இக்கட்டு என்பது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. ஹொசியா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து அவள் அம்மா வீட்டுக்கு வந்தான். தோட்டத்துத் தக்காளியும் வெண்டைக்காயும் கொண்டுவந்தான். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தான். அம்மாவுக்கு மருமகன் என்றால் உயிர். "என்னதாண்டி பண்ணிட்டான் அவன்?" என்று மகளிடம் கேட்பாள். அவன் கிளம்பும்போது வாசலில் நின்று, "வீடு திறந்தேதான் இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போனான். சபையில் எல்லோரும் அவளைச் சகோதரி ஸ்டிகர்ஸ் என்றே கூப்பிட்டார்கள். குடும்ப சமாதானத்துக்காக அவள் காதுபடவே ஜெபித்தார்கள். வேறு ஆண்பிள்ளையோடு ஒரு காபி குடிக்கப் போனாலும் அது அவளுக்கே வினையாகும் என்று கில்ப்ரூ அம்மாள் எச்சரித்திருந்தார். "அதைச் சாக்கா வச்சாவது அவர் என்னை விட்டுடுவாரா மேடம்?" என்று அர்லீத்தா கேட்டாள். "கேஸ் போடலாம்னுதான் சட்டம் சொல்லுது. போட்டே ஆகணும்னு சொல்லல" என்றார் அம்மாள்.

இரண்டாவது வருஷம் பித்தப்பையில் கல் என்று அவளுக்கு அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது ஹொசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெல்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனை உள்ளே விட்டிருக்கிறார்கள், புருஷன் அல்லவா. மருத்துவர் அவளிடம் பேசவில்லை, அவனிடம்தான் பேசினார். என்ன சாப்பிடலாம், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. கையை இழுத்துக்கொள்ள அவள் உடம்பில் தெம்பில்லை. விரல்கள் அவனுடைய விரல்களுக்குள்ளேயே கிடந்தன.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் மறுபடி கில்ப்ரூ அம்மாளிடம் போனாள்.

"ஒரு வழி இருக்கு. முதல்லயே சொல்லல, ஏன்னா அது லேசான வழியில்ல" என்றார் அம்மாள். ஜன்னல் வழியாக நெடுஞ்சாலையைக் காட்டினார். "இப்படியே கிழக்க போனா அலபாமா. அங்க ஒருத்தர் கையெழுத்துப் போடலன்னாலும் ஒத்துப்போகலன்னு நீதிபதி விடுதலை குடுக்கலாம். ஆனா நீ அந்த மாநிலத்து ஆளா இருக்கணும். ஆறு மாசமாவது அங்க குடியிருந்திருக்கணும். சும்மா ராத்திரி தங்கிட்டு வர்றதில்லம்மா. இதுதான் இனிமே நம்ம ஊருங்கற எண்ணம் இருக்கணும். உடம்பும் அங்க இருக்கணும், மனசும் அங்க இருக்கணும்."

பள்ளிக்கூட வேலையை விட்டாள். எல்லையைத் தாண்டி ரீஃபார்ம் என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. மிஸ் ஒவீட்டா என்ற விதவையின் வீட்டில் பின்னறை ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். ரீஃபார்ம் என்றால் திருந்துவது. ஹொசியா அதைக் கேட்டுவிட்டு, "திருந்தப் போயிருக்கா, நல்லதுதான்" என்று சபையில் சொன்னானாம். வெல்மா போனில் சொன்னாள்; சொல்லும்போது அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

மிஸ் ஒவீட்டா வாயாடி. தன் புருஷன் நல்லவேளையாக இடி விழுந்து செத்தான், இல்லாவிட்டால் தானே கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும் என்பாள். அர்லீத்தா வந்த முதல் வாரமே, "கண்ணு, நீ இங்க குடியிருக்க வரல, காத்துக்கிட்டிருக்க வந்திருக்க. பெட்டியைக்கூடப் பிரிக்கல பாரு" என்றாள்.

அது உண்மை. வாரம் முழுக்க ரீஃபார்மில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மிசிசிப்பிக்கு ஓடினாள். அவள் பதினாறு வயதிலிருந்து பாடிவந்த குழு அங்கேதான் இருந்தது. அவளுடைய தணிந்த குரல் இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் நிற்கும் என்று குழுவை நடத்துகிறவர் சொல்வார். ஆராதனை முடிந்தால் அம்மா சமைத்த சாப்பாடு. ஹொசியா வருவான் என்று தெரிந்தும் போனாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினாள்.

ஆறு மாதம் தாண்டி, அலபாமாவில் வழக்குப் போட்டாள். அவளுக்காக வாதாடிய இளம் வக்கீல் விசாரணைக்கு முன் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னான்: "இங்கயே இருக்கப் போறீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க. அவ்ளோதான். அப்புறம் மனசு மாறினா அது உங்க பாடு."

ஹொசியா தன் வக்கீலோடு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அந்த வக்கீல் எல்லாம் தெரிந்துவைத்திருந்தார். பாடகர் குழு, அம்மா வீடு, அங்கேயே தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய குளிர்காலக் கோட்டு. இந்த நீதிபதி ஒரு பெண். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"திருமதி ஸ்டிகர்ஸ், நான் நேராவே கேக்கறேன். இந்த விவாகரத்து இன்னைக்குக் கிடைச்சிட்டா, நீங்க எங்க இருப்பீங்க?"

அர்லீத்தா வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இளம் வக்கீல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள். கண் முன்னால் அம்மாவின் சமையலறை வந்து நின்றது.

"வீட்டுக்குப் போவேன்மா" என்றாள். "எங்கம்மாகிட்ட."

இளம் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டான். நீதிபதிக்கும் வருத்தம்தான். இந்த மாநிலத்து ஆளாக இல்லாதவருக்கு இங்கே தீர்ப்புக் கொடுக்க அதிகாரமில்லை என்று சொல்லி வழக்கை முடித்தார். மிசிசிப்பிக்காரிக்கு மிசிசிப்பியில் விடுதலை இல்லை. மிசிசிப்பிக்காரி என்பதால் அலபாமாவிலும் இல்லை.

வெளியே படிக்கட்டில் ஹொசியா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். "பொய் சொல்லல நீ. அது எனக்குப் பெருமை" என்றான். நிஜமாகவே அவன் கண் கலங்கியிருந்தது. "வா, வீட்டுக்குப் போலாம். வண்டி நிக்குது."

அவள் அவனைத் தாண்டிப் போய்த் தன் காரை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கோழி வேகவைக்க வேண்டியிருந்தது. மிஸ் ஒவீட்டா கேட்டதற்கு, வழக்கு தோற்றுவிட்டது என்று மட்டும் சொன்னாள். பெட்டி அப்படியே இருந்தது. எந்தப் பக்கமும் போவதற்கில்லாமல் ஒரு குளிர்காலம் கழிந்தது.

வசந்தத்தில் அம்மா போய்விட்டாள். தூக்கத்திலேயே, நோகாமல். வெல்மா போன் செய்தபோது அர்லீத்தா வேலையில் இருந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் ஹொசியா சவப்பெட்டி தேர்ந்தெடுத்திருந்தான், பாட்டுகளைத் தீர்மானித்திருந்தான், பாதிரியாரிடம் பேசியிருந்தான். வெல்மா கை கால் ஓடாமல் எல்லாவற்றையும் அவனிடமே விட்டிருந்தாள். மூத்த மருமகன், சட்டப்படியும் மருமகன். அம்மாவின் மரண அறிவிப்பில் 'மகள் அர்லீத்தா, அவர் கணவர் ஹொசியா' என்று அச்சாகியிருந்தது.

அடக்க ஆராதனையில் குடும்பத்தாருக்கான முதல் வரிசையில் அவளுக்கு அவன் பக்கத்தில்தான் இடம். நடைபாதை ஓரமாக நகர்ந்து உட்காரலாம் என்று பார்த்தாள். வெல்மா அவள் முழங்கையைப் பிடித்து, "ஊரே பாக்குதுக்கா. இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரு" என்று கிசுகிசுத்தாள். சும்மா இருந்தாள். ஜெபம் தொடங்கியதும் ஹொசியா அவள் தோளில் கையைப் போட்டான். கனமான, சூடான கை. ஜெபம் நீண்டது. பாட்டு வந்தது, அவன் தேர்ந்தெடுத்த பாட்டு. குழுவில் அவள் நிற்கும் இடத்தில் வேறு ஒரு பெண் நின்று பாடினாள், நன்றாகவே பாடினாள். பாட்டு எங்கேயும் அந்தரத்தில் நிற்கவில்லை. அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மாவுக்காக வந்த அழுகையைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். அழுதால் அவன் இன்னும் அணைத்துக்கொள்வான் என்று பயம்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவன் கையைக் குலுக்கினார்கள். "பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டீங்க டீக்கன்" என்றார்கள். அது பொய்யுமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. குழாயைச் சரிசெய்தவன் அவன். தக்காளி கொண்டுவந்தவன் அவன். அந்த ஊரில் அவளுக்கு என்று இருந்த ஒவ்வொன்றிலும் அவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக வந்து உட்கார்ந்திருக்கிறான். உட்காராத இடம் ஒன்று பாக்கியிருக்கிறதா என்று மயானத்தில் நின்று யோசித்துப் பார்த்தாள். எதுவும் தோன்றவில்லை.

ரீஃபார்முக்குத் திரும்பிய அன்று பெட்டியைப் பிரித்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. காரை அலபாமாவில் பதிவு செய்தாள். மிஸ் ஒவீட்டாவோடு பக்கத்துச் சபைக்குப் போனாள். அங்கே பாடகர் குழுவில் தணிந்த குரலுக்கு ஏற்கெனவே ஆட்கள் நிறைய. மூன்றாவது வரிசையில் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கே போகும் சாலையில் கார் திரும்பவில்லை. முதலில் சில வாரம் விடியும்போதே விழிப்பு வந்து, சாவியைக் கையில் எடுத்துவிட்டுத்தான் வைத்தாள். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த வருஷம் மறுபடி வழக்குப் போட்டாள். அதே நீதிபதி. ஹொசியா இந்த முறை வக்கீல் இல்லாமல் வந்தான். நீதிபதி அதே கேள்வியைக் கேட்டார்.

"இங்கதாம்மா இருப்பேன்" என்றாள் அர்லீத்தா.

"போன தடவை வேற மாதிரி சொன்னீங்க."

"போன தடவை அங்க எனக்கு வீடு இருந்துச்சு."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். ஹொசியாவிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவன் எழுந்து நின்று, கடவுள் சேர்த்ததை மனுஷர் பிரிக்க முடியாது, அவள் எங்கே இருந்தாலும் தன் மனைவிதான், தான் எதிலும் கையெழுத்துப் போடப் போவதில்லை என்றான். போட வேண்டிய அவசியமில்லை என்றார் நீதிபதி.

அவ்வளவுதான், விவாகரத்து கிடைத்துவிட்டது. தாழ்வாரத்தில் இளம் வக்கீல் கை கொடுத்தான். இந்தத் தீர்ப்பு மிசிசிப்பியிலும் செல்லும், எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம் என்றான். அவள் தலையாட்டினாள். சந்தோஷம் வரும் என்று நின்று பார்த்தாள். கால் வலிதான் தெரிந்தது, புதுச் செருப்பு.

தீர்ப்பு மிசிசிப்பியில் செல்லும்தான். ஆனால் அந்த ஊரில் செல்லவில்லை. ஹொசியா மோதிரத்தைக் கழற்றவில்லை. சகோதரி ஸ்டிகர்ஸுக்கு உடம்பு சரியில்லை, அலபாமாவில் ஓய்வெடுக்கிறாள் என்று சபையில் சொல்லிவந்தான். சபையும் அவளுடைய சுகத்துக்காக வாராவாரம் ஜெபித்தது.

கோடையில் வெல்மா அவளைப் பார்க்க வந்தாள். இருவரும் நெடுஞ்சாலை ஓரக் கடையில் உட்கார்ந்து பொரித்த கெளுத்தி மீன் சாப்பிட்டார்கள். அம்மாவின் வீட்டை என்ன செய்வது என்று வெல்மா கேட்டாள். நீயே வைத்துக்கொள் என்றாள் அர்லீத்தா. கொஞ்ச நேரம் கழித்து வெல்மா, அம்மாவுக்குக் கல்லறைக் கல் வைக்கப்போகிறார்கள், அந்த ஒரு நாளைக்காவது வந்துவிட்டுப் போகலாமே என்றாள்.

"கல்லுக்கு யாரு ஏற்பாடு?"

வெல்மா மீனில் முள் எடுப்பதிலேயே கண்ணாக இருந்தாள். "அவருதான்" என்றாள்.

"என்ன எழுதச் சொல்லியிருக்காரு? அறிவிப்புல போட்ட மாதிரியேவா?"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் கேக்கல."

அர்லீத்தா இன்னொரு துண்டு மீனைத் தங்கையின் தட்டில் எடுத்து வைத்தாள். "சூடு ஆறிடப்போகுது, சாப்பிடு" என்றாள். "நான் நாலு மணிக்கு வேலைக்குப் போகணும்."